எந்தச் சின்னம்மா?

மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு முடி கொட்டிவிட்டது, மீதிப் பேர் சாயம் பூசிக்கொள்கிறீர்கள். ஒருத்தி பெர்மாஸ் ஜெயாவில் மாடி வீடு கட்டிவிட்டாள், இரண்டு பேர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்வருகிறீர்கள், சிலர் இன்னும் தம்போயில் அதே வரிசை வீட்டில் அதே சாக்கடைக்கு எதிரே. எங்கே இருந்தாலும் காலையில் கண் விழித்ததும் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சூரியனை உதிக்க வைக்கிறீர்கள். சூரியனுக்குக் கீழே ரோஜா. ரோஜாவுக்குக் கீழே, துன்பத்திலும் நன்மை செய்யச் சொல்லி ஒரு வரி. நான் பல்கூடத் துலக்கியிருக்க மாட்டேன். அதற்குள் பன்னிரண்டு கைகூப்பல்கள்.

இப்போது கோயில் விழா மலருக்கு என் அம்மாவைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். "ஒரு பக்கம் போதும் லா, கொஞ்சம் டச்சிங்கா எழுது" என்று குரல் செய்தி வந்தது. தலைப்பைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை: துன்பத்திலும் நன்மை செய்த தாய். என் அம்மாவைப் பளிங்குச் சிலையாக்கி, காலடியில் பிளாஸ்டிக் பூ வைத்து, மலரின் நடுப்பக்கத்தில் நிறுத்தப் போகிறீர்கள். யார் நிறுத்துகிறார்கள் என்று பார்க்கும்போதுதான் எனக்குத் தொண்டையில் புளிப்பு ஏறுகிறது. ஆகவே எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. டச்சிங்காக இருக்காது. நாறும்.

அந்த வருடம் நமக்குப் புதுநன்மை. குழுவில் சேர்ந்திருக்கும் மருமகன் மருமகள்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன்: கோயிலில் முதல்முறை அப்பம் வாங்குவதை நம் ஆட்கள் புதுநன்மை என்பார்கள். நன்மை என்பது வாங்குகிற பொருள் என்றுதான் எனக்கு அப்போது தெரியும். வெள்ளையாக, வட்டமாக, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று அக்கா அண்ணன் உள்ளவர்கள் சொன்னீர்கள். அதை வாங்க வெள்ளைக் கவுன் வேண்டும், தலையில் பூவளையம், அதிலிருந்து முதுகு வரை தொங்கும் வலைத்துணி. வலைத்துணியை அம்மா முதலிலேயே வாங்கிவிட்டாள். அதைத் தலையில் போட்டுக்கொண்டு குளியலறைக் கண்ணாடியில் என்னை நானே பார்த்துக்கொண்டிருப்பேன். உலகம் பொடிப்பொடிக் கட்டங்களாகத் தெரியும். அழகாக இருக்கும். நாற்றம்தான் வலைக்குள்ளும் வரும்.

ஏனென்றால் அந்தத் தவக்காலத்தில் எங்கள் வீடு நாறியது.

அப்பா அப்போது வீட்டில் இல்லை. காஹாங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கேயே தங்கிவிட்டார் என்பது ஊருக்குத் தெரியும். யாரோடு தங்கினார் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். யாராவது தூண்டிப் பார்த்தால், "லோரிக்காரருக்கு வீடு எது, ரோடு எது" என்று முடித்துவிடுவாள். அப்படிப்பட்ட அப்பா ஒரு மத்தியானம் லோரியோடு வந்து நின்றார். வண்டியிலிருந்து அழுகிய பழ எண்ணெயின் வாடை. முன்சீட்டிலிருந்து பருமனான ஒரு பொம்பளையைக் கைத்தாங்கலாக இறக்கி, எங்கள் கார் நிறுத்தும் இடத்தில், கார் இல்லாத அந்த வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார வைத்தார். அவளுடைய இடது காலில் ஒரு துண்டு சுற்றியிருந்தது. துண்டின் நிறத்தைச் சொல்ல மாட்டேன், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருப்பீர்கள்.

"கொஞ்ச நாளைக்கு வச்சுக்க," என்றார் அப்பா. "ஆஸ்பத்திரியில காலை வெட்டணுங்கிறான். இவ ஓடி வந்துட்டா."

"அந்தக் காலை வச்சுக்கிட்டா ஓடி வந்தா?"

"அலமாக், பேச்சுக்குச் சொன்னா..."

"உங்க வீட்டுல வச்சுக்குங்க." அந்தக் கோபத்திலும் அம்மாவுக்கு 'உங்க' தவறவில்லை.

"எனக்கு ட்ரிப் இருக்கு லா. யாரு பாக்கிறது?"

லோரி போய்விட்டது. அப்பா நல்ல மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. வரும்போதெல்லாம் கச்சாங் கடலைப் பொட்டலம் வாங்கி வருவார், கண்ணடிப்பார். அன்றும் கண்ணடித்துவிட்டுத்தான் போனார்.

அம்மா விளக்குமாற்றை எடுத்துவந்து அந்தப் பொம்பளையைச் சுற்றிப் பெருக்கினாள். சுற்றிச் சுற்றிப் பெருக்கினாள். அவள் நடுவில் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பெருக்குவதற்கு எதுவும் மிச்சமில்லாதபோது அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, "உள்ள வா. வாசல்ல ஈ மொய்க்குது," என்றாள். என்னிடம், "சின்னம்மான்னு கூப்பிடு," என்றாள்.

குதிகாலில் செம்பனை முள் ஏறியிருக்கிறது. தோட்டத்தில் முள் ஏறாத கால் ஏது? பிடுங்கி எறிந்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். உடம்பில் இனிப்பு நீர் வியாதி இருப்பது அவளுக்குத் தெரியாது. முள் போய்விட்டது, புண் குடியேறிவிட்டது. அரசாங்கக் கிளினிக்கில் இருந்த மலாய்க்கார நர்ஸ் மிஸி, தினமும் எப்படிக் கழுவ வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். அம்மா எலெக்ட்ரானிக் பேக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தாள். காலையில் பேக்டரி பஸ் வருவதற்கு முன்பு ஒரு தடவை கழுவிக் கட்டுவாள், வந்து ஒரு தடவை. கதவு சாத்தியிருக்கும். உள்ளே பேச்சு மட்டும் கேட்கும்.

"மெதுவா, அக்கா."

"அக்கா கிக்கான்னு கூப்பிடாதே."

"பின்ன என்னன்னு கூப்பிடறது? மேடமா?"

"வாயை மூடிக்கிட்டு காலைக் காட்டு. அவரு லோரியில ஏறி உக்காரத் தெரிஞ்சுதுல்ல, செருப்புப் போட்டு நடக்கத் தெரியல."

"செருப்பு இருந்துச்சு. பிஞ்சு போச்சு."

"வாங்கிக் குடுக்கலையாக்கும் உன் ராஜா."

"உங்களுக்கு வாங்கிக் குடுத்தாராக்கும்?"

பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும். ஒருநாள் அந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்த சத்தம் கேட்டது. அது சிநேகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஆளிடம் ஏமாந்த இரண்டு பேருக்கு ஒரே இடத்தில் சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டும். தம்போயில் வளர்ந்தவர்கள் நாம். பட்டறைச் சாயம், கழிவெண்ணெய், மழை பெய்ததும் சாக்கடை வாந்தியெடுப்பது என்று எல்லாவற்றையும் மூக்கில் வாங்கியவர்கள். இது அதுவல்ல. கெட்டதெல்லாம் கசக்கும் என்று நினைத்திருந்தேன், இது இனித்தது. அழுகிப்போன செம்படாக் பழத்தில் செப்புக் காசை ஊறவைத்த மாதிரி. சோற்றில் இருந்தது. பள்ளிச் சட்டையின் காலரில் இருந்தது. டெட்டாலைக் கொட்டினால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இன்னும் இனித்தது. உங்களில் ஒருத்தி பெஞ்சில் என்னிடமிருந்து நகர்ந்து உட்கார்ந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. யார் என்று சொல்லவில்லை. இப்போது தினமும் ரோஜா அனுப்புகிறவள்.

நம்முடைய ஞானோபதேச டீச்சர் வந்தார். அவர்தான் நம் தாமான் குடியிருப்பில் வீடு வீடாக நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் தலைவி என்பது உங்களுக்குத் தெரியும். கைக்குட்டையில் கொலோன் தெளித்து மூக்கில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"யாரும்மா உள்ள? உடம்புக்கு முடியாம?"

அம்மா என்னைக் காட்டி, "இவளுக்குச் சின்னம்மா," என்றாள்.

உள்ளேயிருந்து சரியாக அந்த நேரத்தில் குரல் வந்தது: "அக்கா, கொஞ்சம் தண்ணி."

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. கைக்குட்டைக்கு மேலே கண் பளபளத்தது. நம் தமிழில் சின்னம்மா என்ற சொல்லில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். அம்மாவின் தங்கையும் சின்னம்மா, அப்பா கொண்டுவருகிறவளும் சின்னம்மா. மூத்த தாரத்தை இளைய தாரம் கூப்பிடுவதும் அக்கா, கூடப் பிறந்தவள் கூப்பிடுவதும் அக்கா. ஒரே கதவு, உள்ளே இரண்டு குடும்பம். டீச்சர் தட்டியது நல்ல குடும்பத்தின் கதவு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நம் கோயிலில் அப்போதிருந்த ஃபாதர் சீனர், தமிழ் தெரியாது. டீச்சர் சொல்வதுதான் அவருக்குத் தமிழர் வீட்டுச் செய்தி. டீச்சர் அவரிடம் ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' என்று சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், நம்மிடையே ஒரு தாய் தனியாகப் பிள்ளையை வளர்த்துக்கொண்டு, நோயுற்ற தன் உடன்பிறப்பையும் தாங்குகிறாள் என்று ஃபாதர் சொன்னார். டீச்சர் தமிழில் சொன்னார், இரண்டு மடங்கு சர்க்கரை போட்டு. எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள். அம்மா தரையைப் பார்த்தாள். வெட்கம் என்று நினைத்தீர்கள்.

அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு மீன் கறி வந்தது. தவக்காலமாதலால் கோழி இல்லை, மற்றபடி எல்லாம் வந்தது. மைலோ டின், மேரி பிஸ்கட், துவைத்து மடித்த பழைய சாரோங், தூக்குச்சட்டியில் சம்பால். அம்மா எதையும் திருப்பி அனுப்பவில்லை. யாரையும் திருத்தவுமில்லை. பேக்டரியில் நின்றே வேலை செய்துவிட்டு வந்து, மூன்று வயிற்றுக்குச் சமைக்கிற ஒருத்திக்கு மீன் கறி மீன் கறிதான்.

பிறகு ஜெபக்கூட்டத்தை எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். உங்கள் அம்மாக்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், நீங்களும்தான். கூடத்தில் பாய் விரித்து, சின்னம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் காலை ஸ்டூலில் நீட்டி வைத்து, அதன்மேல் ஒரு சாரோங்கைப் போர்த்தியிருந்தார்கள். கொலோன் வாடையும் அந்த இனிப்பும் கூடத்தில் மல்லுக்கட்டின. ஜெபமாலை முடிந்தது. மைலோ வந்தது. டீச்சர் எழுந்து நின்று, சின்னம்மாவின் தலைக்கு மேல் கையை நீட்டினார். தலையில் படாமல், ஒரு சாண் உயரத்தில்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரியைப் பாரும். ஒரே வயித்துல பொறந்த பாசத்தைப் பாரும்..."

"டீச்சர்," என்றாள் சின்னம்மா.

டீச்சர் கண்ணைத் திறக்காமல் தொடர்ந்தார். "ஒரே தாய்ப்பால் குடிச்ச..."

"டீச்சர், ஒரு நிமிஷம். நான் இவுங்க கூடப் பொறந்தவ இல்ல."

"ம்? சின்னம்மான்னு சொன்னாங்களே."

"சின்னம்மாதான்."

"எந்தச் சின்னம்மா?"

"இவுங்க வீட்டுக்காரரு கூட இருந்தவ, டீச்சர். காஹாங்கில. சாமிகிட்ட தப்பான ஆளைச் சொல்லிட்டீங்கன்னா சொகம் வேற யாருக்காச்சும் போயிடப் போகுதுன்னு சொல்றேன்."

யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. அதன் தொடையில் கிள்ளு விழுந்த சத்தம்கூடக் கேட்டது. டீச்சரின் கை அந்த ஒரு சாண் உயரத்திலேயே நின்றது. எங்கே இறக்குவது என்று அதற்குத் தெரியவில்லை. மைலோ கோப்பைகள் பாதியோடு தரையில் இறங்கின. உங்கள் அம்மாக்களில் ஒருவர் சமையலறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அவ்வளவு நேரம் அந்த அறையில் சீழ் இருந்தது, யாரும் கை கழுவவில்லை. இப்போது ஒரு சொல்லுக்கு அர்த்தம் மாறியதும் கழுவினார்கள். என் அருவருப்பின் வேர் எங்கே என்று கேட்டால் அந்தக் குழாய்ச் சத்தத்தைச் சொல்வேன்.

எல்லோரும் போன பிறகு அம்மா கத்தினாள்.

"உன்னை யாரு வாயைத் தொறக்கச் சொன்னது?"

"நீங்க பொய் சொல்லிருக்கீங்க."

"எங்கடி பொய்? சின்னம்மான்னு சொன்னேன். நீ சின்னம்மா இல்லையா?"

"சின்னம்மாதான்."

"அப்புறம் என்ன? இனிமே உன் ராஜா மீன் கறி கொண்டாந்து குடுப்பாரா?"

"தாய்ப்பால்ங்கிறாங்க, அக்கா. எங்க அம்மா கெழங்குத் தண்ணி குடுத்து வளத்தா. எவ்ளோ நேரம் கேட்டுக்கிட்டு இருக்கிறது?"

அம்மா கரண்டியைச் சுவரில் எறிந்தாள். பிறகு எடுத்துக் கழுவி, இருந்த கருவாட்டைப் பொரித்து, மூன்று தட்டில் வைத்தாள்.

மறுநாளிலிருந்து எதுவும் வரவில்லை. ஒருவர் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார். பிறகு டீச்சரே வந்தார். இந்தமுறை வேலிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் உள்ளே ஜன்னலோரம் நின்றேன். அவர் அழுதார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நாடகமில்லை, மூக்கு சிவக்க அழுதார். எங்களைக் காப்பாற்றத்தான் வந்தார். அவருக்கு அது உறுதியாகத் தெரிந்திருந்தது. அந்தக் கண்ணீர் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இப்படி ஒட்டிக்கொண்டிருக்காது.

"பாவத்தை வீட்டுல வச்சு சோறு போடுறீங்க. அதுக்குப் பேரு அன்பு இல்லம்மா, உடந்தை. பாக்கிற மத்த பொம்பளைங்க என்ன நினைப்பாங்க? இவளே ஒத்துக்கிட்டா, நம்ம பொண்டாட்டி ஏன் ஒத்துக்கக் கூடாதுன்னு அவுங்க புருஷன்மாரு நினைக்க மாட்டாங்களா?"

"கால் அழுகுது, டீச்சர்."

"தெரியும்மா. கொஞ்ச நாள் எங்கயாவது விடுங்க. புதுநன்மை வரைக்கும். பிள்ளைக்கு நன்மை குடுத்து முடிச்சதும் நீங்க என்ன செஞ்சாலும் அது உங்களுக்கும் கடவுளுக்கும். ஆனா அவளை வீட்டுல வச்சுக்கிட்டு பிள்ளையை வரிசையில நிக்க வைக்க முடியாது. ஃபாதருக்கும் சொல்லிட்டேன்."

"எங்க விடறது?"

"அதை நீங்கதான் பாக்கணும்."

"கோயிலுக்குப் பின்னால ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. அங்க விடலாமா? நான் வந்து கழுவிட்டுப் போறேன்."

"அது சாமான் ரூம்மா. நாற்காலி எல்லாம் இருக்கு."

அம்மா வேலிக் கம்பியின் துருவைச் சுரண்டினாள். "அப்ப நன்மை வாங்கறதுக்கு நன்மை செய்யறதை நிறுத்தணும். அப்படித்தானே, டீச்சர்?"

"பேச்சுல மடக்காதீங்க," என்றார் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இதையெல்லாம் சின்னம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், நான் பள்ளிவிட்டு வந்தபோது, அவள் ஒரு பிளாஸ்டிக் பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். "பாப்பா, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வா. உனக்குக் கவுன் போடணுமில்ல," என்றாள். சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்து, நிறுத்தியிருந்த கார்களைப் பிடித்து நடந்தாள். பையை நான் தூக்கிக்கொண்டேன். வழியெல்லாம் ஈ கூடவே வந்தது. பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததும், அங்கே காத்திருந்தவர்கள் எழுந்து வெயிலில் போய் நின்றுகொண்டார்கள். ஒரு பஸ் வந்தது. ஓட்டுநர் அவள் காலைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்தது பேக்டரி பஸ். எங்கள் தெருமுனையில் நிற்க வேண்டியது, அங்கேயே நின்றது. அம்மா இறங்கினாள்.

"எங்க பொறப்பாடு?"

"காஹாங்குக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அவரு இப்ப வேற எடத்துல."

"அப்ப யாருகிட்டப் போற?"

சின்னம்மா என்னைப் பார்த்தாள். "பிள்ளைக்கு..."

"என் பிள்ளைய நான் பாத்துக்கிறேன். காலையில ரெண்டு முழம் துணி சுத்திவிட்டிருக்கேன். பஸ் ஸ்டாப்புல வந்து நனைச்சு வச்சிருக்க. எந்திரி."

"முடியல, அக்கா."

அதுதான் உண்மை. வருவதற்கு இருந்த தெம்பு திரும்பிப் போவதற்கு இல்லை. அம்மா சுற்றிப் பார்த்தாள். எதிரே கடைவீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். போய், சிமெண்டுக் கலவை அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். கொடுத்த வங்காளதேசத்துத் தொழிலாளி, ஏற்றிவிடவும் கைகொடுத்தார். சின்னம்மா அதில் மல்லாந்து, இரண்டு காலும் வானத்தைப் பார்க்க, பையை வயிற்றில் வைத்துக்கொண்டு கிடந்தாள்.

"கோயில் தேரு மாதிரி இருக்கு, அக்கா."

"பேசாம வா. சிரிச்சா வண்டி சாயுது."

அந்த ஊர்வலத்தை நீங்களும் பார்த்தீர்கள். உங்கள் வீட்டு வேலிக் கதவுகளில் ஒவ்வொருவராக நின்று பார்த்தீர்கள். சக்கரம் கிறீச்சிட்டது. அம்மாவின் பேக்டரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. டீச்சர் வீட்டைத் தாண்டும்போது திரைச்சீலை அசைந்தது. அம்மா வண்டியை நிறுத்தவும் இல்லை, வேகப்படுத்தவும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் உங்கள் அம்மாக்கள் அதைத்தான் பேசினார்கள். கூத்தடிக்கிறாள் என்றார்கள். வெட்கம் கெட்டவள் என்றார்கள். அவர்களுக்குள் ஒருவர், புருஷனைத் திரும்ப வாங்குவதற்கு இது தந்திரம் என்றார். அது எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அம்மா கேட்டுவிட்டு, "அந்த ஆளை வாங்கறதுக்கு இவ்ளோ செலவா?" என்றாள்.

அந்த வாரமே என் பெயர் வரிசையிலிருந்து போய்விட்டது. அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து என் வலைத்துணியை எடுத்தாள். கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டி, ஓரத்தில் நூல் ஓட்டி, சின்னம்மாவின் காலுக்கு மேல் ஈ மூடியாகக் கவிழ்த்தாள். நான் தரையில் விழுந்து புரண்டேன். என் தலையில் இருக்க வேண்டியது அந்தக் காலில் இருந்தது. அதன் பொடிக் கட்டங்களில் பச்சைத் தலை ஈக்கள் உட்கார்ந்து, கையைக் கையால் தேய்த்து, ஜெபம் செய்வதுபோல் இருந்தன. அழுது முடிக்கும் வரை அம்மா காத்திருந்தாள். "உனக்கு வேற வாங்கலாம். ஈ காத்திருக்காது," என்றாள்.

நான் பிறகு நன்மை வாங்கினேன். அடுத்த வருடம், வேறு ஊரில், யாருக்கும் எங்களைத் தெரியாத ஒரு கோயிலில். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நீங்கள் சொன்னது சரிதான்.

சின்னம்மா என்ன ஆனாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மலரில் போட உங்களுக்கு ஒரு முடிவு வேண்டியிருக்கும். செத்துப்போகவில்லை. அம்மாவின் மடியில் கண்ணை மூடவில்லை. அந்த வருடக் கடைசி மழைக்காலத்தில் புண் ஓரத்திலிருந்து சிவந்து, சுருங்கி, மூடிக்கொண்டது. கிளினிக் மிஸியே நம்பவில்லை. அது மூடியதும் அப்பா வந்தார், லோரியில் இல்லை, யாரிடமோ இரவல் வாங்கிய காரில். கையில் வறுத்த கோழிப் பெட்டி. சின்னம்மா பவுடர் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். எப்படிச் சொல்லி அனுப்பினாளோ தெரியாது. "வரேன், அக்கா," என்றாள். அம்மாவின் நல்ல சாரோங்கைக் கட்டியிருந்தாள், அதைத் திருப்பித் தரவில்லை. கார் போனது. நான் கோழிப் பெட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"தின்னு," என்றாள் அம்மா. "கோழி என்ன பாவம் பண்ணுச்சு?"

"அவுங்க அப்பாகிட்டயே போயிட்டாங்கம்மா."

"கால் நல்லாயிடுச்சு. நடக்கத்தானே கால்."

இதைத்தான் டச்சிங்காக எழுதச் சொல்கிறீர்கள். யாருக்கு என்ன கிடைத்தது சொல்லுங்கள். அப்பாவுக்குப் பழுதுபார்த்த பொம்பளை கிடைத்தாள். டீச்சருக்கு, தான் சொன்னது சரிதான் என்ற நிம்மதி கிடைத்தது. அம்மாவுக்கு இடுப்பு வலி கிடைத்தது. இதில் சூரியனை எங்கே உதிக்க வைப்பீர்கள்? அம்மா அவளைப் பற்றி அதன்பிறகு ஒரு நல்ல வார்த்தையும் சொன்னதில்லை, ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை. கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போனாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். யாராவது அவளிடம் உருக்கமாகப் பேச ஆரம்பித்தால் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவாள்.

ஆனால் உங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் வெள்ளையில் இருந்த அந்த ஞாயிறு. அப்போது புண் மூடவில்லை; அதன் மிக மோசமான நாட்கள் அவை.

காலையில் நான் ஜன்னலில் நின்றேன். ஒவ்வொரு காராகப் போனது. பின்சீட்டுகளில் வலைத்துணிகள், பூவளையங்கள், மெழுகுவர்த்திகள். யாரோ கையசைத்தீர்கள். வெயில் உங்கள் மேல் பட்டு, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. தெரு காலியான பிறகு அம்மா அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வா. பேசினைப் புடி. செத்த சதையை எடுக்கணும், எனக்கு ரெண்டு கையும் வேணும்."

அதுவரை நான் அந்தக் கதவுக்கு உள்ளே போனதில்லை. போனேன். கட்டு அவிழ்ந்திருந்தது. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாய் இருந்தது. மஞ்சள் விளிம்பு, சாம்பல் நடு, அடியில் ஏதோ வெள்ளையாக மின்னியது. பேசினில் தண்ணீர் விழுந்தது, கூடவே வேறு ஏதோ மெத்தென்று விழுந்தது. என் கையில் அதன் கனம் கூடியது. சின்னம்மா தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தவள், அதை எடுத்துவிட்டு, "பாப்பா, பாக்காதே. என் மூஞ்சிய பாரு. அது கொஞ்சம் பரவாயில்ல," என்றாள். நான் பேசினைத் தரையில் வைத்துவிட்டு ஓடினேன். சமையலறை தாண்டி, பின்கதவு தாண்டி, சாக்கடை விளிம்பில் குனிந்து, குடித்த மைலோ, தின்ற ரொட்டி, எல்லாவற்றையும் கொட்டினேன். வயிறு காலியான பிறகும் நிற்கவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். முதுகைத் தடவப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகி, குனிந்து, சாக்கடையில் வாந்தியெடுத்தாள். அவசரமில்லாமல், பழகிய ஆள் வெற்றிலை துப்புகிற மாதிரி. குழாயைத் திறந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குமாம்மா?"

"தெனமும்தான்."

"உங்களுக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

"பழகாது. எனக்குப் பழகல."

"அப்ப ஏன் செய்யறீங்க? அவுங்கள உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காதே."

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். எதிர்வீட்டுச் சுவரில் ஒரு பூனை நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். பெரிதாக ஏதாவது சொல்லுவாள், இத்தனை வருடமும் நான் அதைச் சொல்லித் திரிவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம்.

"பிடிக்கிறது பிடிக்காததெல்லாம் எனக்குத் தெரியல. புண்ணு உள்ள தொறந்து கெடக்கு," என்றாள். "வாந்தி வந்தா வெளிய வந்து எடு. எடுத்துட்டு உள்ள வந்துடணும். அவ்வளவுதான்."

குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறையிலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது.

"முடிஞ்சுதா ரெண்டு பேருக்கும்? காலு காயுது."

வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பேசின் வைத்த இடத்துக்குப் போனேன்.